ஷிட்ஸு குட்டியை மும்பை அடுக்ககத்தில் வளர்ப்பது பற்றி

செம்பூரில் இரண்டு படுக்கையறை வீட்டில் வசிக்கும் ஒரு பெண்மணி கேட்டிருப்பதன் சாரம் இது. பத்து நாட்களுக்கு முன், 45 நாள் வயதான, ஷிட்ஸு என்ற சிறிய இனத்துப் பெண் நாய்க்குட்டி ஒன்றை வாங்கி வந்திருக்கிறார்கள். எடை ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். மீனு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பகல் முழுவதும் எழுபது வயது மாமியாரும், பள்ளி விட்ட பிறகு எட்டு வயது மகனும்தான் வீட்டில் இருப்பார்கள். மாமியார் ஆசையோடு தயிர்சாதமும் ரசஞ்சாதமும் ஊட்டுகிறார். மழைக்காலம் நெருங்கிவிட்டது. நாயை லிஃப்டில் ஏற்றக்கூடாது என்று சொசைட்டி செக்ரட்டரி சொல்லிவிட்டார். இந்தச் சூழ்நிலையில் குட்டியை நல்லபடியாக வளர்க்க என்ன செய்யவேண்டும் என்பது கேள்வி.

நான் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, 22 ஆண்டுகளாக மும்பையில் நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்த்து வருகிறேன். என் வீட்டிலும் அப்பு என்ற 13 வயது ஸ்பிட்ஸ் இருக்கிறது. சிறிய நாயை வளர்ப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளவேண்டும் என்று நான் எண்ணுகிறேன். சிறிய உடலில் சேமிப்பு குறைவு. முப்பது கிலோ லாப்ரடார் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாலும் மறுநாள் எழுந்து நடமாடும். ஒரு கிலோ குட்டி இரண்டு வேளை சாப்பிடாவிட்டால் அதன் உயிருக்கே ஆபத்து வரலாம். உணவு, வெயில், உண்ணி, வயிற்றுப்போக்கு என்று எதை எடுத்தாலும், பெரிய நாய்க்கு இரண்டு நாள் அவகாசம் கிடைக்கும் இடத்தில் சிறிய நாய்க்குச் சில மணி நேரம்தான் கிடைக்கும். கீழே சொல்லப்போவதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

முதலில் உணவைப் பேசிவிடுகிறேன், ஏனெனில் இன்றைக்கே மாற்றவேண்டியது அதுதான். குட்டியின் கல்லீரலிலும் தசையிலும் சர்க்கரைச் சேமிப்பு மிகவும் சொற்பம். நெடுநேரம் வயிறு காலியாக இருந்தாலோ, குளிரில் நடுங்கினாலோ, விருந்தினர் வீட்டுப் பிள்ளைகள் ஓயாமல் விளையாட்டுக் காட்டினாலோ இரத்தத்தில் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். முதலில் குட்டி சோர்ந்து படுக்கும்; எழுப்பினால் குடித்தவனைப்போலத் தள்ளாடும்; கண் எங்கோ வெறிக்கும்; காது நுனியும் பாதமும் சில்லிட்டுப்போகும்; பிறகு வலிப்பு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தினர் காலை ஒன்பது மணிக்கு ஒரு குட்டியைத் துண்டில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார்கள். இரவு பதினொரு மணிக்கே அது தள்ளாடியதாம். தூக்கக் கலக்கம் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். அன்றிரவே வீட்டில் இருந்த தேனை ஈற்றில் தடவியிருந்தால் அது பிழைத்திருக்கக் கூடும். அவர்களிடம் நான் அதைச் சொல்லவில்லை, ஆனால் உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும். குட்டி தள்ளாடினால் தேனையோ கெட்டியான சர்க்கரைக் கரைசலையோ விரலில் தொட்டு ஈறுகளில் தேயுங்கள். நினைவில்லாமல் கிடக்கும் குட்டியின் வாயில் எதையும் ஊற்றவேண்டாம். அது நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு துணியால் போர்த்தி உடலைக் கதகதப்பாக வைத்துக்கொண்டு மருத்துவரிடம் கிளம்புங்கள். தேன் தடவியதும் தெளிந்து எழுந்துவிட்டாலும், உணவைக் கொடுத்துவிட்டு அன்றே ஒரு முறை காட்டிவிடுவது நல்லது, ஏனெனில் குடற்புழுவோ வேறு நோயோ அடியில் இருக்கலாம்.

இந்த நிலை வராமல் இருக்க, மூன்று நான்கு மாதம் ஆகும் வரையில் ஒரு நாளைக்கு நான்கு வேளை உணவு தேவை. கடைசி வேளையை நீங்கள் படுக்கப்போகும் நேரத்தில், இரவு பதினொரு மணிக்குக் கொடுங்கள். ஒரு கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 210 கலோரி வேண்டும். சிறிய இன நாய்க்குட்டிகளுக்கென்று விற்கும் உலர் உணவில் இது 50 முதல் 60 கிராம் வரை வரும். பொட்டலத்துக்குப் பொட்டலம் கலோரி மாறும் என்பதால் அதில் அச்சிட்டிருக்கும் அட்டவணையையும் பாருங்கள். அந்த அளவை நான்காகப் பிரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, விரலால் மசித்துக் கொடுக்கலாம். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உணவையும் அதில் நிறுக்கலாம், வாரம் ஒரு முறை குட்டியையும் ஒரு கிண்ணத்தில் வைத்து நிறுக்கலாம். வாரா வாரம் ஏறவேண்டிய எடை ஒரு வாரம் ஏறாமல் நின்றால், கண்ணுக்கு எதுவும் தெரியாதபோதே ஏதோ சரியில்லை என்று அந்தத் தராசு சொல்லிவிடும்.

இனி மாமியாரின் தயிர்சாதம். அதை அவர் கொடுப்பதில் இருக்கும் அன்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நம் வீடுகளில் நாய்கள் தலைமுறை தலைமுறையாகச் சோறு தின்றே வளர்ந்திருக்கின்றன. நாய்க்குச் சோறு செரிக்காது என்று சிலர் சொல்வதும் தவறு. 2013-இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, ஓநாய்க்கு இரண்டே பிரதிகள் இருக்கும் மாவுச்சத்துச் செரிமான மரபணு, மனிதனோடு வாழப் பழகிய நாய்க்குப் பல மடங்காகப் பெருகியிருப்பதைக் காட்டியது. சிக்கல் செரிமானத்தில் இல்லை. வளரும் குட்டிக்கு வேண்டிய புரதமும் சுண்ணாம்புச் சத்தும் தயிர்சாதத்தில் போதிய அளவு கிடையாது என்பதே சிக்கல். தயிர்சாதம் வயிற்றை நிறைத்துவிடும். வயிறு நிறைந்த குட்டி தனக்கான உணவைத் தொடாது. இரண்டு மாதத்தில் எலும்பு மெலிந்து கால் வளையும். ஆகவே ஒரு சமரசம் சொல்கிறேன். மதிய வேளை உணவை மாமியார் கையாலேயே கொடுக்கட்டும். ஊறவைத்த குட்டி உணவின் மேல் ஒரு தேக்கரண்டி புளிக்காத தயிர் அவர் விருப்பப்படி சேர்க்கலாம். வீட்டில் முட்டை புழங்கும் என்றால் வேகவைத்த முட்டையில் கால் பங்கு தரலாம். சைவ வீடு என்பதால் நாய் வளர்க்க முடியாது என்றில்லை. முழுச் சத்துணவாகத் தயாரிக்கப்பட்ட சைவ நாய் உணவுகள் கிடைக்கின்றன. நாய் வளர்ந்தபின் வீட்டுச் சமையலுக்கே மாற்ற விரும்பினால் மருத்துவரிடம் அளவு கேட்டு, தாது உப்பு, வைட்டமின் கலவையோடு சேர்த்துக் கொடுங்கள். வீட்டில் சமைத்த உணவில் பெரும்பாலும் குறைவது சுண்ணாம்புச் சத்துதான்.

ரசஞ்சாதத்தை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். காரணம்தான் பல ஆண்டுகள் புலப்படாமல் இருந்தது. அதில் உள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கவேண்டும் என்று அண்மை ஆண்டுகளில் மருத்துவர்கள் கண்டுகொண்டார்கள். அதே அமிலம் நிறைய இருக்கும் இன்னொரு பொருள் புளி. புளியைத் தின்ற நாய்களுக்கும் அதே போன்ற சிறுநீரகப் பாதிப்பு வந்தது பதிவாகியிருக்கிறது. நம் சமையலில் புளி இல்லாத நாள் அரிது என்பதால் தமிழ் வீடுகள் இதை மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்துகொள்ளவேண்டும் என்பது என் கருத்து. சாம்பாரில் புளியோடு வெங்காயமும் சேர்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அதன் விளைவு உடனே தெரியாமல், சில நாட்கள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் கறுத்து வரும்போதுதான் தெரியும். ஒரு கிலோ குட்டிக்கு மூன்று நான்கு சாம்பார் வெங்காயமே நஞ்சாகிவிடும். பாயசத்து உலர்திராட்சை, பஞ்சாமிர்தம், சாக்லேட், காப்பித்தூள், சர்க்கரைக்குப் பதிலாக சைலிட்டால் சேர்த்த சூயிங்கம், வெந்த கோழி எலும்பு ஆகியவையும் எட்டாத இடத்தில் இருக்கவேண்டும். காய்ச்சல் என்று நினைத்து பாராசிட்டமாலோ, வலி என்று நினைத்து ஐபுபுரோஃபெனோ கொடுத்துவிடாதீர்கள்; நமக்கு ஒரு மாத்திரை என்பது அந்த எடைக்கு மிகப் பெரிய அளவு.

வளர்ந்த பிறகு வேறு விதமான தொல்லை தொடங்கும். ஐந்து கிலோ ஷிட்ஸுவுக்கு, கருத்தடை செய்த பிறகு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 370 கலோரி போதும். ஒரு இட்லியில் ஐம்பது அறுபது கலோரி இருக்கிறது. அதாவது மீனுவுக்கு ஒரு இட்லி என்பது உங்களுக்கு ஐந்து இட்லி. ஆளுக்கு ஒரு விள்ளல் என்று நான்கு பேர் ஊட்டும் வீட்டில் நாய் பருப்பதற்குக் காரணம் தேடவேண்டியதில்லை. நாள் முழுவதும் கொடுக்கும் தின்பண்டம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விலாவைத் தடவும்போது எலும்புகள் விரலுக்குத் தட்டுப்படவேண்டும். துருத்திக்கொண்டு தெரியவும் கூடாது.

மழைக்காலத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டது சரியே. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்த மழைக்குப் பிறகு இந்த நகரம் எலிக்காய்ச்சலை எப்படி எதிர்கொண்டது என்பது பழைய மும்பைவாசிகளுக்கு நினைவிருக்கும். எலியின் சிறுநீர் கலந்த தேங்கு நீர் வழியே பரவும் இந்தக் கிருமி மனிதனைப் போலவே நாயையும் தாக்கும்; காய்ச்சல், வாந்தி, கண்ணில் மஞ்சள், பிறகு சிறுநீரகம் செயலிழத்தல் என்று வேகமாகப் போகும். நாய்க்கு வந்தால் அதன் சிறுநீர் மூலம் வீட்டாருக்கும் தொற்றலாம். குட்டிகளுக்குப் போடும் கூட்டுத் தடுப்பூசிகளில் எலிக்காய்ச்சலுக்கான பகுதி சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. மும்பையில் அது இருப்பதைக் கேட்டு வாங்கவேண்டும். இரண்டு தவணை போட்டு, பிறகு ஆண்டுதோறும் போடவேண்டும். அந்த ஊசி கிருமியின் எல்லா வகைகளையும் தடுக்காது என்பதால், ஊசி போட்ட நாயையும் தேங்கிய தண்ணீரில் இறக்கக்கூடாது.

உண்ணியைப் பற்றி நான் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் மழைக்காலத்தில் என்னிடம் வரும் நாய்களில் உண்ணிக் காய்ச்சலோடு வருபவை மிக அதிகம். நாயின் உடலில் நாம் பார்க்கும் உண்ணி, இருக்கும் உண்ணிகளில் ஒரு சிறு பகுதிதான். இரத்தம் குடித்துப் பெருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலிலோ கட்டில் மூட்டிலோ ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இந்தப் பழுப்பு நாய் உண்ணி தன் வாழ்க்கை முழுவதையும் ஒரு அடுக்ககத்துக்குள்ளேயே நடத்திக்கொள்ளும். ஏழாவது மாடி என்பது அதற்குத் தடையே இல்லை. உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா, பபேசியா என்ற கிருமிகள் இரத்தத்தில் நுழைகின்றன. முன்னது இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் குறைக்கும். பின்னது சிவப்பணுக்களை உடைக்கும். நாய் ஒரு வேளை உணவை மறுப்பதில் தொடங்கி, காய்ச்சல், ஈறு வெளுத்தல், சில சமயம் மூக்கில் இரத்தம் என்று முடியும். ஆரம்பத்திலேயே இரத்தம் பரிசோதித்துவிட்டால் மருந்துக்குக் கட்டுப்படும் நோய் இது.

தினமும் மாலையில் குட்டியை மடியில் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் தடவிப் பார்க்கும் வழக்கத்தை மாமியாரும் மகனும் சேர்ந்தே செய்யலாம். அப்புவுக்கு நான் செய்யும் முறை இதுதான். காது மடலைத் திருப்பி, அதன் அடிவிளிம்பில் இருக்கும் சிறு மடிப்புக்குள் கட்டைவிரலை விட்டுப் பார்ப்பேன். பிறகு கழுத்துப் பட்டையின் கீழே, அக்குளில், ஒவ்வொரு விரல் இடுக்கிலும், கடைசியாக வாலடியில். மசூர் பருப்பு அளவில் வழவழப்பாக எதுவும் தட்டுப்பட்டால் மயிரை விலக்கிப் பார்த்து, உண்ணியாக இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்து, சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுவேன். நகத்தால் நசுக்குவதும், மண்ணெண்ணெய் தடவுவதும் வேண்டாம். மாதம் ஒரு முறை கழுத்தில் விடும் சொட்டு மருந்தோ, விழுங்கும் மாத்திரையோ வயதும் எடையும் பார்த்து மருத்துவர் எழுதித் தருவார். பெரிய நாய்க்கான மருந்தை வாங்கிப் பாதியாகப் பிரித்துக் கொடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஒரு கிலோ குட்டியிடம் அந்தச் சிக்கனம் ஆபத்தானது.

மழையில் நடத்திவிட்டு வந்தால் பாதங்களைக் கழுவி விரல் இடுக்கு உலரும் வரை துடைக்கவேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்து ஓயாமல் நக்கும். அதைவிட நல்லது, மழை நாட்களுக்கென்று குளியலறையில் ஒரு மூலையைப் பழக்கிவிடுவது. குட்டி தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் சிறுநீர் கழிக்கும். அந்த மூன்று நேரங்களிலும் தூக்கிக்கொண்டுபோய் அங்கே விரித்த செய்தித்தாளின் மேல் விட்டு, கழித்தவுடன் அந்த இடத்திலேயே பாராட்டி ஒரு சிறு துணுக்கு உணவு கொடுங்கள். பகலில் வீட்டில் ஒரு பெரியவர் இருப்பது இதற்குப் பெரிய வசதி. மூன்று வாரத்தில் பெரும்பாலான குட்டிகள் பிடித்துக்கொள்கின்றன. கூடத்தில் கழித்துவிட்டால் மூக்கைத் தேய்ப்பதும் அடிப்பதும் வேண்டாம். அடி வாங்கிய குட்டி, கழிக்கக்கூடாது என்று கற்காது. உங்கள் கண்ணில் படாமல் சோபாவுக்குப் பின்னால் கழிக்கவேண்டும் என்று கற்றுக்கொள்ளும். பினாயில் போட்டுத் துடைத்தால் தரை நன்றாக உலர்ந்த பிறகே குட்டியை விடுங்கள், ஏனெனில் அது பாதத்தை நக்கும்.

ஷிட்ஸு, பக் போன்ற தட்டை முக நாய்களுக்கு வெப்பம் இன்னொரு எதிரி. நாய்க்கு நம்மைப்போல உடல் முழுதும் வியர்ப்பதில்லை; வாய் திறந்து இரைத்து, நாக்கிலும் மூச்சுப் பாதையிலும் ஈரம் ஆவியாவதால்தான் அதன் உடல் குளிர்கிறது. மூக்கு குட்டையானால் காற்றுப் பாதையும் குறுகல். மும்பைக் காற்றிலோ ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாவதும் மந்தம். எனவே தில்லியின் வறண்ட 38 டிகிரியைவிட இங்கே அக்டோபரின் 34 டிகிரியே சில சமயம் இவற்றை அதிகம் வாட்டும் என்பது என் அனுபவம். காலை ஏழு மணிக்கு முன்பும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டும் நடத்துங்கள். புறங்கையை ஐந்து நொடி தரையில் வைத்துப் பார்த்து, சுட்டால் திரும்பிவிடுங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை. ஈறு செங்கல் நிறத்தில் சிவந்து, எச்சில் பிசுபிசுத்து, இரைப்பு அடங்காமல் தள்ளாடினால் வெப்பத் தாக்கு வந்துவிட்டது என்று பொருள். குழாய்த் தண்ணீரை உடல் முழுதும் ஊற்றி மின்விசிறிக்கு அடியில் வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும். ஜன்னல் மூடி நிறுத்திய காரில் ஐந்து நிமிடம்கூட விட்டுப்போகாதீர்கள்.

முடியை ஒட்ட வெட்டிவிட்டால் குளிர்ச்சியாக இருக்குமா என்று பலர் கேட்பார்கள். ஷிட்ஸுவின் முடி நம் தலைமுடிபோல வளர்ந்துகொண்டே இருப்பது. ஆறு எட்டு வாரத்துக்கு ஒரு முறை குட்டையாக வெட்டிவிடலாம். பொமரேனியன், ஸ்பிட்ஸ் வகைகளுக்கு அடியில் பஞ்சும் மேலே நீள மயிருமாக இரண்டு அடுக்கு இருப்பதால் மழிக்கக்கூடாது. சிலவற்றுக்கு மறுபடி சரியாக முளைப்பதே இல்லை. மீனுவுக்குத் தினமும் சீப்பு போடுங்கள், முக்கியமாகக் காதுக்குப் பின்னும் அக்குளிலும், ஏனெனில் சிக்கு விழுவது அங்கேதான். தடுப்பூசிகள் முடியும் வரை குளிப்பாட்டாமல் ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

கண்ணைத் தனியாகச் சொல்லவேண்டும். இந்த இனத்துக்குக் கண் வெளியே பிதுங்கியிருக்கும். மூக்கின் மேல் உள்ள மயிர் உரசியே புண்ணாகிவிடும். ஒரு கண்ணை மட்டும் சுருக்கிக்கொண்டு திறக்க மறுத்தால் அன்றைக்கே காட்டுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் கண் சொட்டு மருந்தை ஊற்றிவிடவேண்டாம்; அதில் ஸ்டீராய்டு இருந்தால் விழிப்புண் ஆழமாகி ஓட்டையே விழலாம்.

மகனுக்கு ஒரே ஒரு விதி போதும்: குட்டியைத் தூக்கவேண்டும் என்றால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தபின்தான் தூக்கவேண்டும். சிறிய இனக் குட்டிகளின் முன்னங்கால் எலும்பு பென்சிலைவிட மெல்லியது; குழந்தையின் கையிலிருந்து நழுவி விழுந்து முறிந்ததாக என்னிடம் வரும் குட்டிகள் ஆண்டுதோறும் உண்டு. வழுக்கும் டைல்ஸ் தரையில் அது ஓடும் இடங்களில் ரப்பர் விரிப்புப் போடுங்கள். சோபாவிலிருந்து குதிக்கவிடாதீர்கள். நடக்கும்போது மூன்று அடிக்கு ஒரு முறை பின்னங்காலைத் தூக்கி நொண்டிவிட்டுச் சாதாரணமாக ஓடினால் முழங்கால் சிப்பி விலகுகிறது என்று பொருள். இது சிறிய இனங்களில் மிகச் சாதாரணம். கழுத்துப் பட்டையில் கயிற்றைக் கட்டி இழுக்காமல் மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையைப் பயன்படுத்துங்கள், ஏனெனில் இவற்றின் மூச்சுக்குழாய் மெலிதானது. நசுங்கத் தொடங்கினால் வாத்து கத்துவதுபோல் இருமும்.

பல்லை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சிறிய வாயில் பெரிய நாய்க்கு உள்ள அதே 42 பற்கள் நெருக்கியடித்து முளைப்பதால் காரை விரைவில் சேரும். இப்போதிருந்தே விரலில் துணி சுற்றி ஈற்றைத் தேய்த்துப் பழக்கி, பிறகு நாய்களுக்கான பற்பசைக்கு மாறுங்கள். நம் பற்பசை ஆகாது. ஏழு மாதத்திலும் பால் கோரைப்பல் விழாமல் புதுப்பல்லோடு ஒட்டி நின்றால், கருத்தடை அறுவைக்கு மயக்கம் கொடுக்கும்போதே அதையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். கருத்தடையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவேன். செய்யாத பெண் நாய்களுக்கு நடுவயதில், தீட்டு வந்து சில வாரங்கள் கழித்துக் கருப்பையில் சீழ் கட்டும் நோய் வரும். அதிகமாகத் தண்ணீர் குடிப்பதும் வாந்தியும்தான் முதலில் தெரியும். தாமதித்தால் உயிர் போகும். முதல் இரண்டு தீட்டுகளுக்குள் செய்துவிட்டால் மார்புக் கட்டிக்கான வாய்ப்பும் வெகுவாகக் குறைகிறது.

லிஃப்ட் விவகாரத்தில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, குடியிருப்புச் சங்கம் பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் செல்லப்பிராணி வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது. லிஃப்டைப் பயன்படுத்துவதையும் மறுக்கக்கூடாது. அதை அச்செடுத்து, ஒரு மரியாதையான கடிதத்தோடு செக்ரட்டரியிடம் கொடுங்கள். கூடவே மாநகராட்சியின் நாய் உரிமத்தையும் எடுத்துவிடுங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டிய அதற்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழ் தேவை. லிஃப்டில் குட்டியைக் கையில் தூக்கிக்கொள்வதும், அஞ்சுபவர் உள்ளே இருந்தால் அடுத்த முறைக்குக் காத்திருப்பதும், கீழே கழித்ததை எடுத்துப் போடுவதும் நம் பக்கத்துக் கடமை. பெரும்பாலான செக்ரட்டரிகள் சட்டத்தைவிட இதற்கே இணங்கிப்போவதை நான் பார்த்திருக்கிறேன்.

இரவில் அவசரம் என்றால் எங்கே போவது என்பதை இப்போதே முடிவு செய்துவையுங்கள். பரேலில் நம் ஊர்க்காரர்கள் பைல் கோடா ஆஸ்பத்திரி என்று சொல்லும் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் மருத்துவமனை இருக்கிறது. மகாலட்சுமியில் டாடா அறக்கட்டளையின் சிறு விலங்கு மருத்துவமனை 2024 முதல் இயங்குகிறது. ஆனால் அடைமழையில் சயானும் கிங்ஸ் சர்க்கிளும் ஹிந்த்மாதாவும் தண்ணீரில் நிற்கும்போது செம்பூரிலிருந்து பரேல் போய்ச் சேர்வது நடக்காத காரியம். ஆகவே நடந்து போகும் தூரத்தில் ஒரு மருத்துவரைப் பிடித்துக்கொண்டு, இரவில் அழைக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டு எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டிவையுங்கள். பகலில் மாமியார் தனியாக இருக்கும்போது அது அவருக்கும் உதவும்.

வயதான காலத்தில் சிறிய நாய்களுக்கு இதய வால்வு கெடுவது மிகச் சாதாரணம். அப்புவுக்கும் அது இருக்கிறது. இரவில் அவன் பாயில் ஆழ்ந்து தூங்கும்போது, விலா எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று ஒரு நிமிடம் எண்ணிக் குறித்துக்கொள்கிறேன். முப்பதுக்குள் இருக்கும் வரை நிம்மதி. தாண்டினால் மருந்தை மாற்றவேண்டும். உங்களுக்கு இது பல ஆண்டுகளுக்குப் பிறகு வரும் வேலை.

உடனடியாகச் செய்யவேண்டியது தடுப்பூசி. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பதை 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் தடை செய்கின்றன. 45 நாளில் கொடுத்தவர் அதை மீறியிருக்கிறார். எல்லா ஊசியும் போட்டாகிவிட்டது என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வயதில் எல்லா ஊசியும் போட்டிருக்க வழியே இல்லை. கூட்டுத் தடுப்பூசி ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறையாகப் பதினாறு வாரம் வரை போடவேண்டும். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். குடற்புழு மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை. கடைசித் தவணை முடிந்து இரண்டு வாரம் ஆகும் வரை மற்ற நாய்கள் நடமாடும் மண்ணில் இறக்காதீர்கள், ஏனெனில் குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆனால் வீட்டுக்குள்ளேயே அடைத்தும் வைக்கவேண்டாம். கையில் ஏந்திக்கொண்டு ஆட்டோ சத்தமும், கோவில் மணியும், பள்ளிப் பிள்ளைகளும் பழகும்படி தினமும் சற்று நேரம் வெளியே காட்டுங்கள். இந்த வயதில் பழகிய சத்தத்துக்குக் கணபதி ஊர்வலத்திலும் தீபாவளியிலும் அது அவ்வளவாக அஞ்சாது. விற்றவர் கொடுத்த அட்டையை எடுத்துப் பாருங்கள். ஊசிக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சீட்டும், மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் அதில் இல்லை என்றால், ஒரு ஊசியும் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு இந்த வாரமே முதல் தவணையைப் போட்டுவிடுங்கள்.